புதைந்த குழாயின் பூச்சுச் சேதம்: எந்த சர்வேயைத் தேர்வது?

எரிவாயுவோ பெட்ரோலியப் பொருளோ ஓடும் எஃகுக் குழாய் மண்ணுக்குள் போன பிறகு, அதன் மேல்பூச்சு எங்கே பிய்ந்திருக்கிறது என்று தோண்டாமல் தெரிந்துகொள்ள நான்கு முறைகள் இன்று நடைமுறையில் இருக்கின்றன: குழாய்க்கும் மண்ணுக்கும் உள்ள மின்னழுத்தத்தை அடுத்தடுத்து அளக்கும் சிஐபிஎஸ், மண்ணில் உண்டாகும் மின்னழுத்தச் சரிவை நேர்மின்னோட்டத்தில் அளக்கும் டிசிவிஜி, அதையே மாறுமின்னோட்டத்தில் அளக்கும் ஏசிவிஜி, மின்னோட்டத் தேய்வை அளக்கும் கேட் சர்வே. டெண்டர்களில் 'கோட்டிங் சர்வே' என்று ஒரே வரியில் எழுதி, இவற்றில் எதைச் செய்தாலும் சரி என்று விட்டுவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. ஒப்பந்ததாரரும் தன்னிடம் எந்தக் கருவி இருக்கிறதோ அதை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார். கடைசியில் தடித்த அறிக்கை கையில் இருக்கும். எங்கே தோண்டுவது என்று மட்டும் தெரியாது.

ஒவ்வொரு முறையும் குழாயிடம் கேட்கும் கேள்வி வேறு. பூச்சில் ஓட்டை இருந்தாலும், அரிப்பைத் தடுக்க வெளியிலிருந்து குழாய்க்குக் கொடுக்கும் கத்தோடிக் பாதுகாப்பு மின்னோட்டம் (சிபி) அங்கே போதுமான அளவு சென்று சேர்ந்தால் எஃகு அரிக்காது. ஆகவே 'ஓட்டை எங்கே?' என்பது ஒரு கேள்வி, 'அந்த இடத்தில் எஃகு பாதுகாப்பில் இருக்கிறதா?' என்பது இன்னொன்று, 'எந்தக் கிலோமீட்டரில் பூச்சு மொத்தமாகக் கெட்டிருக்கிறது?' என்பது மூன்றாவது. இதில் எது உங்கள் கேள்வி என்று முதலில் முடிவு செய்யுங்கள். முறை அதற்குப் பின்னால் வரும்.

சிஐபிஎஸ்: பாதுகாப்பு இருக்கிறதா?

குழாயின் மேலேயே நடந்து, ஏறக்குறைய மீட்டருக்கு ஒரு இடத்தில் குழாய்க்கும் மண்ணுக்கும் உள்ள மின்னழுத்தத்தை அளப்பது இது. டெஸ்ட் போஸ்ட்டில் (அளப்பதற்காகக் குழாயிலிருந்து கம்பியை மேலே கொண்டுவந்திருக்கும் கம்பம்) இணைத்த மெல்லிய செப்புக்கம்பி பின்னால் அவிழ்ந்துகொண்டே வரும். கையில், மண்ணைத் தொடும் ஒப்பீட்டு மின்முனையான செம்பு–காப்பர் சல்பேட் ஹாஃப் செல். அந்தப் பகுதிக்கு மின்னோட்டம் தரும் எல்லா டிஆர் (டிரான்ஸ்ஃபார்மர்-ரெக்டிஃபையர்) யூனிட்டுகளிலும், ஜிபிஎஸ் நேரப்படி மின்னோட்டத்தை நிறுத்தி ஓடவிடும் இண்டரப்டரைப் பொருத்தி, எல்லாவற்றையும் ஒரே கணத்தில் நிறுத்தி ஒரே கணத்தில் ஓடவிட வேண்டும். மின்னோட்டம் ஓடும்போது கிடைக்கும் 'ஓட்ட' அளவில் மண்ணின் ஐஆர் வீழ்ச்சியும் (மண்ணின் தடையால் வரும் மின்னழுத்த இழப்பு) கலந்திருக்கும். நிறுத்திய உடனே எடுக்கும் 'ஆஃப்' அளவுதான் எஃகின் உண்மையான நிலைக்கு நெருக்கமானது. அது –850 மில்லிவோல்ட்டோ அதைவிட எதிர்மறையாகவோ இருக்க வேண்டும். –1200ஐத் தாண்டிப் போனாலும் ஆபத்து, பூச்சு எஃகிலிருந்து விலகத் தொடங்கும்.

நிறுத்தும் நேரத்தைக் குறைவாக வையுங்கள். 0.8 நொடி ஓட்டம், 0.2 நொடி நிறுத்தம் என்பது போல 4:1 விகிதம் வைத்தால், நாள் முழுக்க நடந்தாலும் குழாய் தன் துருவமுறுதலை (சிபியால் எஃகில் சேர்ந்த மின்னழுத்த மாற்றத்தை) அதிகம் இழக்காது. நிறுத்திய கணத்தில் ஒரு துள்ளல் வரும். அது அடங்கிய பிறகு வரும் அளவையே கருவி எடுக்க வேண்டும். இதைச் சரிபார்க்க ஒவ்வொரு நாளும் வேலை தொடங்குமுன் ஒரு டெஸ்ட் போஸ்ட்டில் அலைவடிவத்தைப் பதிவு செய்யுங்கள். இரண்டு படிகளாக இறங்கும் அலை தெரிந்தால் ஏதோ ஒரு டிஆர் மற்றவற்றோடு ஒத்துப் போகவில்லை என்று பொருள். அன்று எடுக்கும் ஆஃப் அளவுகள் எல்லாம் வீண்.

இந்த முறை கெடுவது பெரும்பாலும் சின்ன விஷயங்களில்தான். ஹாஃப் செல்லுக்குள் கரையாத காப்பர் சல்பேட் படிகம் எப்போதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் கரைசல் நிறைவுற்றதல்ல. காலையில் இரண்டு செல்களை அருகருகே வைத்து அளந்தால் 5 மில்லிவோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. செல்லின் ஒளிபுகும் பகுதியில் வெயில் பட்டால் அளவு பல மில்லிவோல்ட் நகர்ந்துவிடும். கறுப்பு டேப் சுற்றினால் தீர்ந்தது. குழாய்க்குப் பதிலாகத் தாமே அரிந்து மின்னோட்டம் தரும் மெக்னீசிய ஆனோடுகளைக் குழாயோடு நேரடியாக இணைத்திருந்தால் அவற்றை இண்டரப்டரால் நிறுத்த முடியாது, அங்கே ஆஃப் அளவு பொய் சொல்லும். உயர் அழுத்த மின்கம்பிகளின் அடியில் போகும் குழாயில் தூண்டப்படும் மின்னழுத்தம் அந்தச் செப்புக்கம்பி வழியே கைக்கு வரும். 15 வோல்ட் ஏசிக்கு மேல் இருந்தால் கையுறை இல்லாமல் தொடக் கூடாது. வேலை முடிந்ததும் கம்பியைச் சுருட்டி எடுப்பது ஒப்பந்ததாரரின் கடமை. வயலில் விட்டால் மாட்டின் காலில் சுற்றும்.

சிஐபிஎஸ்ஸால் சிறு ஓட்டைகளைப் பிடிக்க முடியாது. வரைபடத்தில் ஓட்ட அளவும் ஆஃப் அளவும் சேர்ந்து பள்ளம் விழும் இடத்தில் பெரிய சேதம் இருக்கும் என்று ஊகிக்கலாம், அவ்வளவே.

டிசிவிஜி: ஓட்டை எங்கே, எவ்வளவு பெரியது?

ஆஸ்திரேலியாவில் ஜான் முல்வானி 1980களின் தொடக்கத்தில் உருவாக்கிய முறை. கொள்கை எளிது. பூச்சு உடைந்த இடத்தை நோக்கி மண்ணிலிருந்து சிபி மின்னோட்டம் பாய்கிறது. அந்த ஓட்டத்தால் மண்ணில் ஓட்டையைச் சுற்றி மின்னழுத்தச் சரிவு உண்டாகிறது. ஒன்று முதல் ஒன்றரை மீட்டர் இடைவெளியில் இரண்டு ஹாஃப் செல் கம்புகளை ஊன்றி அந்தச் சரிவை அளக்கிறோம். மீட்டரின் முள் நடுவில் நிற்கும். ஓட்டையை நெருங்கும்போது ஒரு பக்கம் துடிக்கும், தாண்டினால் மறுபக்கம் துடிக்கும், ஓட்டையின் இருபுறமும் சமமாக ஊன்றினால் அசையாது. குழாயின் குறுக்கேயும் இதையே செய்து பார்த்தால் இரண்டு கோடுகளும் வெட்டும் புள்ளி கிடைக்கும். பழகிய கை ஒரு சாண் தூரத்துக்குள் இடத்தைக் குறித்துவிடும். இந்தத் துல்லியம்தான் டிசிவிஜியின் பெரிய பலம், தோண்டும் குழியைச் சிறிதாக்குகிறது.

துடிப்பை அடையாளம் காண 0.3 நொடி ஓட்டம், 0.6 நொடி நிறுத்தம் போன்ற சமமற்ற சுழற்சி வைப்பார்கள். மண்ணில் அலையும் வேறு நேர்மின்னோட்டங்களிலிருந்து நம்முடையதைப் பிரித்துக் காட்டுவது இந்தச் சுழற்சிதான். எந்த டெஸ்ட் போஸ்ட்டிலும் ஓட்ட அளவுக்கும் ஆஃப் அளவுக்கும் இடையே குறைந்தது 100 மில்லிவோல்ட் வித்தியாசம் வேண்டும். கூடுதலாக இருந்தால் நல்லது. 3எல்பிஇ (மூன்றடுக்குப் பாலிஎதிலின்) பூச்சுள்ள புதிய குழாய்கள் மிகக் குறைந்த மின்னோட்டத்தில் ஓடுவதால் சர்வேக்காக டிஆரைத் தற்காலிகமாக ஏற்றவேண்டி வரும்.

அளவைக் கணக்கிடும் விதம் இது. முதல் போஸ்ட்டில் வித்தியாசம் 300 மில்லிவோல்ட், 1 கிலோமீட்டர் தள்ளி அடுத்த போஸ்ட்டில் 200. முதல் போஸ்ட்டிலிருந்து 400 மீட்டரில் ஒரு ஓட்டை. அந்த இடத்தில் குழாயின் வித்தியாசம் 300 – 0.4 × 100 = 260 என்று எடுத்துக்கொள்கிறோம். ஓட்டைக்கு நேர் மேலிருந்து குழாய்க்குச் செங்குத்தாக நகர்ந்துகொண்டே, அளவு 1 மில்லிவோல்ட்டுக்குக் குறையும்வரை ஒவ்வொரு படியையும் கூட்டினால் 65 வந்தது என்று கொள்வோம். 65/260, அதாவது 25 விழுக்காடு ஐஆர். 15 வரை சிறியது, 16–35 நடுத்தரம், 36–60 சரிசெய்ய வேண்டியது, 61க்கு மேல் உடனடி என்பது பொதுவான வகைப்பாடு.

இந்த விழுக்காட்டை ஓட்டையின் பரப்பாக எண்ணிக்கொள்வதே அறிக்கைகளில் அதிகம் காணும் பிழை. மண்ணின் மின்தடைத்திறன், குழாயின் ஆழம், அருகிலிருக்கும் வேறு ஓட்டைகள் எல்லாம் அதை மாற்றும். அதைவிட முக்கியம், அது அரிப்பின் அளவு அல்ல. 50 விழுக்காடு ஓட்டை நல்ல பாதுகாப்பில் பளபளப்பாக இருக்கலாம். 10 விழுக்காடு ஓட்டைக்குள் குழி விழுந்திருக்கலாம். டிசிவிஜி தெரிந்த ஒருவர் மின்னோட்டத்தை நிறுத்திய நேரத்தில் முள் எந்தப் பக்கம் சாய்கிறது என்றும் பார்ப்பார். ஓட்டத்திலும் நிறுத்தத்திலும் ஓட்டை மின்னோட்டத்தை உள்வாங்கினால் அது பாதுகாப்பில் இருக்கிறது. இரண்டிலும் வெளியே தள்ளினால் அங்கே எஃகு கரைந்துகொண்டிருக்கிறது. இந்தக் குறிப்பு இல்லாத டிசிவிஜி அறிக்கை பாதி அறிக்கை.

குழாயோடு பிணைத்த மெக்னீசிய ஆனோடுகளும் வால்வு நிலைய எர்த்திங்கும் மீட்டரில் ஓட்டை போலவே துடிக்கும். அவற்றின் இடங்களை வரைபடத்தில் முன்கூட்டியே குறித்து வைக்காவிட்டால் ஆனோடைத் தேடித் தோண்டிய கதையாகிவிடும்.

ஏசிவிஜியும் கேட் சர்வேயும்

இரண்டும் ஒரே டிரான்ஸ்மிட்டரில் நடப்பதால் சேர்த்தே பார்க்கலாம். டிஆர் யூனிட்டில் குழாய்க் கேபிளையும் ஆனோடு படுக்கைக் (மண்ணுக்குள் மின்னோட்டத்தை அனுப்பும் ஆனோடுகளின் தொகுதி) கேபிளையும் கழற்றி, இடையில் டிரான்ஸ்மிட்டரை இணைத்து, தாழ் அதிர்வெண் சமிக்ஞையைக் குழாயில் செலுத்துகிறோம். ரேடியோடிடெக்‌ஷனின் பிசிஎம் கருவி அளவீட்டுக்கு 4 ஹெர்ட்ஸ் சமிக்ஞையைப் பயன்படுத்துகிறது, வெளியீடு 3 ஆம்பியர் வரை. கேட் சர்வேயில் 50 மீட்டருக்கு ஒருமுறை நின்று, குழாயில் எவ்வளவு மின்னோட்டம் மிஞ்சியிருக்கிறது என்று காந்தப்புலம் மூலம் படிக்கிறோம். நல்ல பூச்சில் மடக்கை அளவுகோலில் நேர்கோடாக மெல்லச் சரியும். ஒரு இடத்தில் படியாக இறங்கினால் அங்கே பெரிய ஓட்டை இருக்கிறது, அல்லது வேறு உலோகம் தொட்டுக்கொண்டிருக்கிறது. மண்ணைத் தொடவே தேவையில்லை. தார்ச்சாலை, நடைபாதை, காய்ந்த தரை எதுவானாலும் நடக்கும். போகிற போக்கில் குழாயின் ஆழமும் கிடைக்கும். இந்த விஷயத்தில் கேட் சர்வேக்கு இணை இல்லை. ஆனால் அது பகுதியைத்தான் காட்டும், புள்ளியைக் காட்டாது.

புள்ளிக்கு அதே சமிக்ஞையில் ஏ-சட்டத்தை (இரண்டு முனைகள் கொண்ட ஏ வடிவச் சட்டம்) ஊன்றி நடக்க வேண்டும், அதுதான் ஏசிவிஜி. ஹாஃப் செல் கிடையாது, இரும்பு முனைகள் போதும், அம்புக்குறி திசை காட்டும். கற்றுக்கொள்வது சுலபம், சிறு ஓட்டைகளையும் பிடிக்கும். டெசிபலில் வரும் அளவு அந்த இடத்தில் ஓடும் சமிக்ஞை மின்னோட்டத்தைப் பொறுத்தது. டிரான்ஸ்மிட்டருக்கு அருகில் 70 காட்டிய ஓட்டையும் 5 கிலோமீட்டர் தள்ளி 55 காட்டிய ஓட்டையும் ஒரே அளவாக இருக்கலாம். ஒவ்வொரு குறியீட்டுடனும் அந்த இடத்துக் குழாய் மின்னோட்டத்தை எழுதாவிட்டால் வரிசைப்படுத்தவே முடியாது. எஃகு பாதுகாப்பில் இருக்கிறதா என்பதைப் பற்றி ஏசிவிஜிக்கு எதுவும் தெரியாது.

பியர்சன் முறையும் இதே குடும்பம்தான். இரண்டு பேர் காலில் ஆணிச் செருப்பு கட்டிக்கொண்டு முன்னும் பின்னுமாக நடப்பார்கள். இன்று அதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் எதுவும் இல்லை.

உயர் அழுத்த மின்பாதையை ஒட்டிப் போகும் குழாயில் இந்த ஒப்பீடு தலைகீழாக மாறுகிறது. அங்கே தூண்டல் மின்சாரத்தை வடிக்க டிகப்ளர் வழியாக எர்த்திங் கொடுத்திருப்பார்கள். டிகப்ளர் நேர்மின்னோட்டத்தைத் தடுக்கும், மாறுமின்னோட்டத்தை விட்டுவிடும். ஏசி சமிக்ஞை அதன் வழியே கசிவதால் ஒவ்வொரு எர்த்திங்கும் பெரிய ஓட்டையாகத் தெரியும், கேட் வரைபடம் படிப்படியாக உடையும். டிசிவிஜிக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் டிகப்ளரின் மின்தேக்கி, நிறுத்திய பிறகும் மெல்ல வடிந்துகொண்டிருப்பதால் சிஐபிஎஸ்ஸின் ஆஃப் அளவைக் கெடுக்கும். அங்கே நிறுத்த நேரத்தை நீட்ட வேண்டும். டிகப்ளரைக் கழற்றிவிட்டு அளக்கலாம் என்று யாராவது சொன்னால், குழாயைத் தொடும் ஆட்களின் உயிரை முதலில் நினைத்துப் பாருங்கள்.

இன்னொன்று. இந்தப் பாதைகளில் ஆபத்தானது சிறிய ஓட்டைதான். 10 வோல்ட் ஏசி, மண்ணின் மின்தடைத்திறன் 25 ஓம்-மீட்டர், ஓட்டை 1 சதுர சென்டிமீட்டர் என்றால் அங்கே பாயும் ஏசி அடர்த்தி சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 90 ஆம்பியர். ஏசி அரிப்புக்கான ஐஎஸ்ஓ 18086 தரநிலை சொல்லும் வரம்பு 30. டிசிவிஜியில் இந்த ஓட்டை 'சிறியது, கவனிக்கலாம்' என்ற பெட்டியில் விழும். விழுக்காட்டை மட்டும் பார்த்துத் தோண்டும் பட்டியல் போடுபவர் இதைத் தவறவிடுவார்.

நான்குமே பார்க்காத இடம்

பூச்சு கிழியாமல் எஃகிலிருந்து விலகி, இடையில் நீர் புகுந்தால், வெளியிலிருந்து மின்னோட்டம் உள்ளே போகாது; மண்ணின் மேல் எந்தச் சரிவும் தெரியாது. பிஇ (பாலிஎதிலின்) டேப் சுற்றிய பழைய குழாய்களிலும் வெல்டிங் மூட்டுகளில் போட்ட ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவிலும் இதுதான் நடக்கிறது. நிலக்கரித்தார் எனாமலும் எஃப்பிஇயும் (உருக்கி ஒட்டிய எபாக்சிப் பூச்சு) இந்த விஷயத்தில் பரவாயில்லை, விலகினாலும் மின்னோட்டத்தை ஓரளவு உள்ளே விடும். 2015 மே 19 அன்று கலிஃபோர்னியாவின் சாந்தா பார்பரா அருகே உடைந்த லைன் 901 எண்ணெய்க் குழாய், வெப்பக் காப்பு நுரையும் அதன் மேல் டேப்பும் சுற்றியது. சிபி அதற்குள் எட்டவில்லை. அங்கே குழாய்க்குள்ளேயே ஓடிச் சுவரை அளக்கும் ஐஎல்ஐ கருவி ஓட்டியிருந்தார்கள், அதுவும் அரிப்பின் ஆழத்தைக் குறைத்துக் காட்டியிருந்தது.

பாறைக் கற்களும் மறைக்கும். 2012 டிசம்பர் 11 அன்று மேற்கு வர்ஜீனியாவின் சிசன்வில்லில் 20 அங்குல எரிவாயுக் குழாய் வெடித்து மூன்று வீடுகள் அழிந்தன. குழாயைச் சுற்றிப் போட்டிருந்த பெருங்கற்கள் பூச்சையும் கிழித்து, மின்னோட்டத்தையும் மறைத்திருக்க வேண்டும் என்று விசாரணை சொன்னது. கேசிங் (வெளி உறைக்குழாய்) போட்ட கடவுகளும், ஆழமாகத் துளைத்து ஆற்றுக்கடியில் இழுத்த எச்டிடி பகுதிகளும் இதே பட்டியலில் சேரும். டேப் சுற்றிய குழாய்க்கு மேற்பரப்பு சர்வேயில் பணம் போடாதீர்கள். பிக் (குழாய்க்குள் ஓடும் கருவி) ஓட்ட முடியுமானால் ஐஎல்ஐ, முடியாவிட்டால் நேரடித் தோண்டல்.

குழாயின் உள்பக்க அரிப்பு இந்த முறைகளின் எல்லைக்குள்ளேயே வராது. 2014 ஜூன் 27 அன்று ஆந்திராவின் அன்றைய கிழக்கு கோதாவரி மாவட்டத்தில் நகரம் என்ற ஊரில் 20க்கும் மேற்பட்டோரைக் கொன்ற எரிவாயுக் குழாய் விபத்து உள் அரிப்பால் வந்தது. ஈரமான வாயு ஓடும் குழாய்க்குக் கோட்டிங் சர்வே முடித்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது.

எந்தக் குழாய்க்கு எது?

புதிதாகப் போட்ட 3எல்பிஇ குழாய், ஒப்பந்ததாரரின் பொறுப்புக் காலம் இன்னும் முடியவில்லை என்றால்: கேட் சர்வேயும் ஏசிவிஜியும். நிரந்தர சிபி இன்னும் ஓடத் தொடங்கியிருக்காது. டிரான்ஸ்மிட்டர் தன் சமிக்ஞையைத் தானே கொண்டுவருகிறது. மண் மூடி ஒரு மழையாவது பெய்து படிந்த பிறகு நடங்கள், தளர்ந்த மண்ணில் ஓட்டைகள் மறையும். கிடைக்கும் குறியீடு எதுவானாலும் அளவு பார்க்காமல் தோண்டச் சொல்லுங்கள். இறக்குவதற்குமுன் 25 கிலோவோல்ட்டில் ஹாலிடே சோதனை (பூச்சில் ஓட்டை இருக்கிறதா என்று உயர் மின்னழுத்தத்தில் பார்ப்பது) முடித்த குழாயில் ஓட்டை இருந்தால் அது இறக்கும்போதோ மண் மூடும்போதோ விழுந்தது. டிகப்ளர் உள்ள பாதையாக இருந்தால் தற்காலிக ஆனோடு படுக்கையும் பேட்டரியும் வைத்து டிசிவிஜி.

30, 40 வருடப் பழைய நிலக்கரித்தார் எனாமல் குழாய், டிஆர் மின்னோட்டம் வருடா வருடம் ஏறுகிறது என்றால்: முழு நீளத்துக்கும் சிஐபிஎஸ், அதோடு டிசிவிஜி. இங்கே ஓட்டைகள் எண்ணற்றவை, எல்லாவற்றையும் தோண்டும் எண்ணம் வேண்டாம். ஆஃப் அளவு –850ஐ எட்டாத இடத்தில் டிசிவிஜி காட்டும் ஓட்டைக்கே முதல் குழி. பாதுகாப்பில் இருக்கும் பெரிய ஓட்டை அடுத்த வரிசை. அதைச் சரிசெய்தால் அது விழுங்கிக்கொண்டிருந்த மின்னோட்டம் பாதையில் தள்ளியிருக்கும் பகுதிகளுக்குப் போகும்.

நகர எரிவாயு எஃகுக் குழாய், மேலே சாலை: கேட் சர்வேயில் தொடங்கி, சந்தேகப்படும் பகுதியில் மட்டும் தாரில் சிறு துளையிட்டு, மண்ணில் ஊன்ற வேண்டிய மற்ற முறைகளைச் செய்யலாம். கம்பி கட்டிய கான்கிரீட்டின் மேல் எடுக்கும் சரிவு அளவை நம்ப வேண்டாம். பெங்களூரு, கொச்சி மெட்ரோக்கள் 750 வோல்ட் நேர்மின்னோட்ட மூன்றாம் தண்டவாளத்தில் ஓடுபவை. அவற்றின் அருகே போகும் குழாயில் ரயில் ஓடும் நேரமெல்லாம் அளவு ஆடும். அங்கே நிலையான டேட்டா லாகர் வைத்து 24 மணி நேரம் பதிவு செய்து திருத்தாமல் சிஐபிஎஸ்ஸை ஏற்காதீர்கள். சென்னை மெட்ரோ 25 கிலோவோல்ட் ஏசி, அதனால் இந்த வகைச் சிக்கல் அதிலிருந்து வராது.

வெளி அரிப்பு நேரடி மதிப்பீட்டுக்கான என்ஏசிஇ எஸ்பி0502 தரநிலை குறைந்தது இரண்டு முறைகளைக் கேட்கிறது, ஒன்றின் குறையை மற்றது நிரப்பும்படி. கேட், ஏசிவிஜி இரண்டையும் காட்டி இந்த நிபந்தனையை முடித்துவிடுவதை ஏற்கக் கூடாது. சமிக்ஞை ஒன்றே, ஆகவே குருட்டுப் புள்ளியும் ஒன்றே. பாதுகாப்பு நிலையை இரண்டுமே பார்ப்பதில்லை. ஜோடியில் ஒன்று சிஐபிஎஸ்ஸாக இருக்கட்டும்.

காலமும் முக்கியம். காவிரிப் படுகையில் சம்பா அறுவடை முடிந்த பிப்ரவரி நல்ல நேரம், மண்ணில் ஈரம் இருக்கும், பயிர் மிதிபடாது. மே மாதச் செம்மண்ணில் ஒவ்வொரு ஊன்றலுக்கும் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கும். ஆட்கள் களைத்து இடைவெளியை நீட்டிவிடுவார்கள், வரைபடத்தில் அது தெரியாது. அதனால் ஒப்பந்தத்தில் செயலாக்காத மூலத் தரவு, தினசரி அலைவடிவம், செல் ஒப்பீட்டுப் பதிவு, ஒவ்வொரு அளவின் ஜிபிஎஸ் புள்ளி ஆகியவற்றைக் கட்டாயமாக்குங்கள்.

தோண்டும்போது பூச்சுக்கு அடியில் இருக்கும் நீரின் பிஎச்சை (கார-அமில அளவு) பிஎச் சோதனைத் தாளில் முதலில் பாருங்கள், காற்றுப் பட்டால் மாறிவிடும். 9க்கு மேல் இருந்தால் சிபி அங்கே எட்டியிருக்கிறது. பிறகு மண்ணின் மின்தடைத்திறன், அரிப்புக் குழியின் ஆழம், அல்ட்ராசோனிக் தடிமன். சர்வே எதுவுமே காட்டாத ஒரு இடத்திலும் ஒரு குழி வெட்டுங்கள், முறை அந்த மண்ணில் வேலை செய்கிறதா என்று தெரியும். பூச்சைச் சரிசெய்து ஹாலிடே சோதனை முடித்து மண் மூடிய பிறகு, இருபுறமும் 50 மீட்டர் தூரத்துக்கு மறுபடி கம்புகளை ஊன்றிப் பாருங்கள். பெரிய ஓட்டையின் சரிவுக்குள் மறைந்திருந்த சிறு ஓட்டைகள் இப்போதுதான் முதன்முறையாக மீட்டரில் துடிக்கும்.